கடைசி வண்டியின் வேகம்

நாலைந்து வண்டிகள் சேர்ந்து ஊர்ப்புற ரோட்டில் கிளம்பிவிட்டால், கடைசியாக வருகிற வண்டி என்ன வேகத்தில் வருகிறதோ அதுதான் எல்லாருக்கும் வேகம். அந்த வண்டி வழியில் நின்றுவிட்டால் எல்லாரும் நிற்க வேண்டும். ஆகவே வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே வண்டியைச் சரிபார்த்துக்கொண்டு வருவது, கூட வருகிறவர்களுக்குச் செய்கிற மரியாதை. மோட்டார் சைக்கிள் பயணம் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் வேலூரில் மெக்கானிக் கடை வைத்திருந்த ஒரு அண்ணன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவர் கடையில் வண்டி விட்டுப் பழக்கமானவர்கள்தான் எங்கள் கூட்டம். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஒருவர், டெலிபோன் இலாகாவில் லைன்மேன் ஒருவர், மருந்துக்கடைக்காரர் ஒருவர், அப்புறம் நான். சங்கம் என்று எதுவும் கிடையாது, பெயரும் கிடையாது. புல்லட்டுகள்தான் அதிகம். லைன்மேன் அண்ணனிடம் மைசூரில் செய்த யெஸ்டி, மருந்துக்கடைக்காரரிடம் ஆர்.எக்ஸ். 100. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கடை வாசலில் கூடுவோம். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்பது எல்லார் வீட்டிலும் போட்டிருந்த நிபந்தனை.

பெங்களூர் ரோட்டில் ஏறக்கூடாது என்று அண்ணன் கறாராக இருந்தார். லாரிகளுக்கு நடுவே நேராகப் போய் நேராக வருவதில் என்ன இருக்கிறது என்பார். கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல், போளூர் என்று தெற்கே போவோம். எதிரே வருகிறவர் முகம் பார்த்துத் தலையசைக்கிற அளவுக்கு அமைதியான ரோடுகள். இரண்டு பக்கமும் புளியமரங்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் சுண்ணாம்புப் பட்டையும் எண்ணும் இருக்கும். நெடுஞ்சாலைத் துறை அந்த மரங்களின் புளியை ஏலம் விடுவதற்காக இட்ட எண்கள். நிழல் விழுந்த ரோட்டில் குழி தெரியாது என்பதை அந்த மரங்களிடம்தான் படித்தேன். வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும் முன்பே ஆக்சிலேட்டரைக் குறைத்துவிட வேண்டும்.

ஊர்ப்புற ரோடு ஆளில்லாத ரோடு என்று நினைப்பவர்கள் அதில் ஓட்டியிராதவர்கள். அது பாதிக் களம், பாதி மேய்ச்சல் நிலம். அறுவடைக் காலத்தில் கேழ்வரகுத் தாளையும் கொள்ளுச் செடியையும் ரோட்டில் பரப்பியிருப்பார்கள், போகிற வண்டிகளின் சக்கரம் ஏறித் தானியம் உதிரட்டும் என்று. நாலு சக்கர வண்டிக்கு அது ஒன்றுமில்லை. இரண்டு சக்கரத்துக்கு, உதிர்ந்த கொள்ளின் மேல் பிரேக் பிடிப்பது கீழே விழுவதற்குச் சமம். பிரேக்கையும் தொடாமல், ஹேண்டிலையும் திருப்பாமல், கியரை முன்கூட்டியே இறக்கி நேராகக் கடந்துவிட வேண்டும். தாள் செயினில் சுற்றிக்கொண்டதா என்று தாண்டியதும் ஓரங்கட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு அது வருடத்துச் சாப்பாடு. ஹாரன் அடித்து அவர்களை விரட்டுகிறவனை அண்ணன் அடுத்த தடவை கூட்டி வரமாட்டார்.

செல்போன் இல்லாத காலத்தில் ஆறு வண்டிகள் பிரியாமல் போய்ச் சேர ஒரே ஒரு ஏற்பாடு இருந்தது. ரோடு பிரிகிற இடத்தில், தனக்குப் பின்னால் வருகிறவர் கண்ணில் படும்வரை ஒவ்வொருவரும் நிற்க வேண்டும். அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்தபின்தான் நகர வேண்டும். முன்னால் போகிறவர் எவ்வளவு தூரம் போயிருந்தாலும், இந்த ஒன்றைக் கடைப்பிடித்தால் ஒருவரும் வழி தவறமாட்டார். வாத்தியார்தான் எப்போதும் முதலில் போவார். பொறுமையானவர், ஊர்ப் பெயர்கள் அத்தனையும் தெரிந்தவர். ஆர்.எக்ஸ். 100 இரண்டாவது. வெறும் 98 சிசி வண்டி என்றாலும் விருட்டென்று பாயக்கூடியது என்பதால் வாத்தியாரின் முதுகுக்குப் பின்னால் அதைக் கட்டிவைத்தது போல் வைத்திருந்தார்கள். கடைசியில் அண்ணன், டூல்ஸ் பெட்டியோடு. நன்றாக வேலை தெரிந்தவர் பின்னால்தான் வர வேண்டும், ஏனென்றால் நிற்கிற வண்டி எதுவானாலும் அவர் கண்ணில் பட்டே தீரும்.

வழியில் வண்டி மாற்றி ஓட்டுவதும் கூடாது. அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. மற்ற வண்டிகளில் நேர் எதிர். மேட்டில் ஒரு பேருந்து திடீரென்று எதிரே வந்தால் யோசித்துக் கால் வைக்க நேரம் இருக்காது.

என்னுடையது பழைய புல்லட். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, பிறகு திருவொற்றியூரில் செய்து வந்த அந்த 346 சிசி வார்ப்பிரும்பு எஞ்சினுக்குத் தனி மரியாதை உண்டு, தனிப் பிடிவாதமும் உண்டு. பலத்தால் உதைத்தால் கிளம்பாது, சமயத்தில் திருப்பி உதைக்கும். அண்ணன் ஒரு மாலை முழுக்க எனக்கு உதைக்கக் கற்றுக்கொடுத்தார். சாவியைப் போட்டுவிட்டு ஹெட்லைட் மேலே இருக்கிற ஆம்பியர் முள்ளைப் பார்க்க வேண்டும். கிக்கரை மெல்ல அழுத்தினால் முள் ஒரு பக்கம் சாயும், பிறகு நடுவுக்கு வரும். அது பாயிண்ட் திறந்துவிட்டதற்கு அடையாளம். டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து பிஸ்டனை உச்சிக்குக் கொஞ்சம் தாண்டி நகர்த்திவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. "அவசரப்படாத தம்பி, அது எங்க நிக்குதுன்னு கேட்டுக்கினு அப்புறம் மிதி" என்பார். எஞ்சினுக்குள்ளே பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து ஒரு முள்ளைப் பார்த்துச் சொல்ல முடிந்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் உணர முடிகிறது. அதற்குப் பிறகுதான் அது என் வண்டி ஆயிற்று.

சனிக்கிழமை மாலை கடையில் நடப்பதுதான் உண்மையில் ரைடின் முதல் பகுதி. அவரவர் வண்டியை அவரவரே பார்க்க வேண்டும். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார், தப்பாகப் போனால் மட்டும் எழுந்து வருவார்.

முதலில் டயர். காற்று பார்ப்பது டயர் சூடேறும் முன்பே நடக்க வேண்டும். புல்லட்டுக்கு முன்னால் 20, பின்னால் 28, பின்னால் ஆள் ஏறினால் 30. பிறகு சக்கரத்தை மெல்லச் சுற்றி டயர் முழுக்க உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது. எங்கள் பக்கத்து ரோடுகளில் ஆணியைவிடச் சீமைக் கருவேல முள்தான் பஞ்சருக்குக் காரணம். வேலிக்கு இழுத்துப் போனது ரோட்டில் சிந்திக் கிடக்கும். முள் உள்ளே ஒடிந்து நின்றுவிட்டால் வெளியிலிருந்து தெரியாது. பஞ்சர் ஒட்டியதும் அவசரத்தில் டியூபை உள்ளே திணித்துவிடுவார்கள், அரை மணி நேரத்தில் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்கும். டியூபை வைக்கும் முன் டயரின் உட்புறம் முழுக்க விரலால் தடவி முள்ளைத் தேடி எடுக்க வேண்டும். அண்ணன் விரல் நுனியில் அந்த முள் கிழித்த தழும்புகள் இருந்தன.

அடுத்து செயின். பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தொட்டு மண்ணைக் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, 90 ஆயிலைச் சொட்டுச் சொட்டாக உட்பக்கம் விட வேண்டும். வெளிப்பக்கம் விட்டால் ஓடும்போது தெறித்துப் போகும், உட்பக்கம் விட்டால் இடுக்குக்குள் இறங்கும். பிறகு நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பல இடங்களில் பார்க்க வேண்டும், ஏனென்றால் செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மிகவும் இறுக்கமாக இருக்கிற இடத்தை வைத்துத்தான் தளர்வைக் கணக்கிட வேண்டும். செயின் தளர்ந்தால் ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். அளவுக்கு மேல் இறுக்கினால் பல்சக்கரமும் பேரிங்கும் தேய்ந்து போகும் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

கிளட்ச் கேபிள் எங்கே அறும் என்றால், பெரும்பாலும் லீவருக்கு உள்ளே ஈயக் குண்டு இருக்கிற இடத்தில். ஒரேயடியாக அறாது. ஒவ்வொரு இழையாக விட்டுக்கொண்டே வரும். லீவரைத் தளர்த்தி அந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதும். ஓர் இழை நீட்டிக்கொண்டிருந்தால் கேபிளை அன்றே மாற்ற வேண்டும். அண்ணன் தன் வண்டியில் புதுக் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளோடு சேர்த்து டேப் சுற்றி வைத்திருந்தார். அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் வேலை முடிந்தது.

பிளக்கைக் கழற்றினால் எஞ்சினின் உடல்நிலை தெரியும். முனை இளம்பழுப்பாக இருந்தால் சுகம். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெளுத்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகிறது, அது கரியைவிட மோசம். பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து 0.35லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இடைவெளி வைப்போம். டாப்பெட் மட்டும் காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பார்க்க வேண்டும். சிறிய மூடியைக் கழற்றி, புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டினால் லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அளவுக் கருவி எதுவும் தேவையில்லாத வேலை. ஆனால் விரலுக்கு அது பழக வேண்டும், பழக மாதங்கள் ஆகும்.

இத்தனையும் பார்த்த பிறகும் வழியில் வண்டி நிற்கும். போளூரில் மேற்கே திரும்பி அத்திமூர் தாண்டினால் ஜவ்வாது மலை ஏற ஆரம்பிக்கும். ஒரு தடவை ஏற்றத்தின் பாதியில் மருந்துக்கடைக்காரரின் வண்டி எஞ்சின் அலற அப்படியே நின்றுவிட்டது. செயினைக் காணோம். ஏற்றமாகவும் மெதுவாகவும் இருந்ததால் அது சக்கரத்தில் சுற்றாமல் கழன்று விழுந்திருக்கிறது. நாங்கள் நடந்து தேடிக்கொண்டு கீழே இறங்கினோம். விறகுக் கட்டோடு ஏறி வந்த மலைவாசி அம்மா ஒருவர், "அந்தத் திருப்பத்துல கறுப்பா என்னமோ கெடக்குதுப்பா" என்று கை காட்டினார். செயின் கிடைத்தது, அதை இணைக்கிற லாக் கிடைக்கவில்லை.

அண்ணன் பையிலிருந்து கேமரா பிலிம் டப்பா ஒன்றை எடுத்தார். உள்ளே இரண்டு அளவில் செயின் லாக்குகள். புல்லட் செயினுக்கு வேறு, சின்ன வண்டிக்கு வேறு. செயினின் இரண்டு முனைகளையும் பின்சக்கரப் பல்லின் மேல் வைத்தார். பல்லே அவற்றைச் சரியான தூரத்தில் பிடித்துக்கொண்டது, இன்னொரு ஆள் இழுத்துப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. லாக்கைச் செருகிவிட்டு எங்கள் எல்லாரையும் குனிந்து பார்க்கச் சொன்னார். அந்தச் சின்னக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையில் இருக்க வேண்டும், பிளந்த பக்கம் பின்னால். மாற்றிப் போட்டால் ஒரு கல்லோ தாளோ பட்டாலே கிளிப் பிதுங்கிக் கழன்றுவிடும். அந்த வாரம்தான் வேறொரு கடையில் புதுச் செயின் போட்டிருந்தார்கள். யார் போட்டது என்று அண்ணன் கேட்கவே இல்லை. "வேலை செஞ்ச வண்டிய வாங்கினதும் ஒருவாட்டி நீங்களே குனிஞ்சு பாக்கணும்ணா, யாரு செஞ்சாலும் பாக்கணும், நான் செஞ்சாலும் பாக்கணும்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்தச் சொல் பெரிதாகப் பட்டது. தன் வேலையையும் சோதித்துப் பார் என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற தொழிலாளியை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஜமுனாமரத்தூரில் சாப்பிட்டுவிட்டு, காவலூர் வழியாக ஆலங்காயம் இறங்கி வாணியம்பாடி போனோம். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது, 1986இல் அதற்கு அறிவியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. வாத்தியார் அந்தக் குவிமாடம் தெரியும் இடத்தில் வண்டியை நிறுத்தி இதையெல்லாம் சொன்னார். அண்ணன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய மெஷினத் திருப்புற பல்சக்கரத்துக்கு யாரு சார் கிரீஸ் வைப்பாங்க? அந்த ஆள ஒருவாட்டி பாக்கணும்" என்றார். அவர் கேட்டது விளையாட்டுக்கு அல்ல. பெரிய காரியம் எதுவானாலும் அதை நாள் தவறாமல் துடைத்துப் பராமரிக்கிற ஒருவர் பின்னால் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டு நாள் விடுப்பு சேர்ந்து வந்தபோது கொல்லிமலைக்குப் போனோம். திருவண்ணாமலை, செங்கம், அரூர், சேலம், ராசிபுரம், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி. அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். இறங்குவதுதான் கடினம். அன்றைய வண்டிகளில் முன்னும் பின்னும் டிரம் பிரேக். விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, லைனர் கருகும் வாசனை வரும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது அண்ணன் சொன்ன விதி. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும், பிரேக் வளைவுக்கு முன்னால் மட்டும். பாதி வழியில் கட்டாயம் நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடு தணியட்டும் என்று டிரம்மில் தண்ணீர் ஊற்றவே கூடாது, இரும்பு கோணிப் போகும்.

லைன்மேன் அண்ணனின் யெஸ்டிக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அது டூ ஸ்ட்ரோக். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுகிற வண்டி, லிட்டருக்கு 40 மில்லி என்று அவர் ஊற்றுவார். ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு கியரிலேயே நெடுநேரம் இறங்கினால் பெட்ரோல் உள்ளே போகாது, அதோடு வர வேண்டிய ஆயிலும் போகாது, சக்கரம் மட்டும் எஞ்சினைச் சுற்றவைத்துக்கொண்டே இருக்கும். பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ள அது போதும். அதனால் அவர் அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை ஒருமுறை முறுக்கிவிட்டுக்கொண்டே இறங்கினார். அந்த 'டுர்ர்' சத்தத்தைக் கேட்டுத்தான் அவர் எந்த வளைவில் இருக்கிறார் என்று கீழே இருந்த எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது வண்டிகள் மாறிவிட்டன. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்ததும் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. பாயிண்ட்டும் ஆம்பியர் முள்ளும் பழைய வண்டிக்காரர்களின் பேச்சில்தான் இருக்கின்றன. இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஈர ரோட்டில் சக்கரம் சறுக்காமல் நின்று உயிர் பிழைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பெண்களும் கூட்டமாகச் சவாரி வருகிறார்கள், எங்கள் காலத்தில் அது இல்லை. ஆனால் முப்பது நாற்பது வண்டிகள் ஒரே கூட்டமாக ஊருக்குள் நுழைவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எட்டு வண்டிக்கு மேல் போனால் கடைசி வண்டியை யாரும் கவனிக்க முடியாது, அது கூட்டுப் பயணமாக இருக்காது. வழியில் டீக்கடையில் நிற்கும் புது வண்டிகளின் செயினைப் பார்க்கிறேன். பலவும் துருவேறி வறண்டு கிடக்கின்றன. விலை உயர்ந்த ஜாக்கெட், ஹெல்மெட்டில் கேமரா எல்லாம் இருக்கிறது. எந்தக் கணினி வந்தாலும் செயின் தேயத்தான் தேயும், டயரில் முள் ஏறத்தான் ஏறும், பிரேக் லைனர் குறையத்தான் குறையும். இவை மூன்றுக்கும் கையும் கண்ணும்தான் வேண்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்கிறேன். சனிக்கிழமை மாலை அரை மணி நேரம் வண்டிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். டயரைக் கையால் தடவிப் பாருங்கள், செயினைத் துடைத்து ஆயில் விடுங்கள், கேபிளின் முனையையும் பிரேக் லைனரையும் பாருங்கள். கூட்டத்தில் வேலை தெரிந்தவரைக் கடைசியில் வரச் சொல்லுங்கள். ரோடு பிரிகிற இடத்தில், பின்னால் வருகிறவர் உங்களைப் பார்க்கும்வரை நில்லுங்கள்.